இரண்டு கேலக்ஸிகள் அருகருகே கடக்கும்போது: ஓத விசைச் சிமுலேஷனை நீங்களே எழுதுவது எப்படி

வானியலாளர் ஹால்டன் ஆர்ப் 1966-ல் வெளியிட்ட விசித்திர கேலக்ஸிகளின் படத்தொகுப்பில் 338 பதிவுகள் உண்டு. புரட்டிப் பார்த்தால், அவற்றில் பல தனியாக நிற்பதில்லை என்பது தெரியும். பக்கத்தில் இன்னொரு கேலக்ஸி இருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பாலம் ஓடும். அல்லது ஒன்றின் பின்பக்கத்திலிருந்து அதன் உடலைவிட நீளமான வால் ஒன்று வளைந்து கிளம்பும். இத்தனை மெல்லிய, இத்தனை நீளமான வடிவங்களை ஈர்ப்பு மட்டும் உண்டாக்கிவிடாது, காந்தப்புலம் போல வேறு ஏதாவது வேண்டும் என்று அந்தக் காலத்தில் பலர் எண்ணினார்கள்.

1972-ல் ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள், ஈர்ப்பே போதும் என்று கணினியில் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய முறை வியக்க வைக்கும் அளவுக்கு எளிமையானது. பைத்தானில் லூப் எழுதவும் அரேக்களைக் கையாளவும் தெரிந்தவர், பள்ளி இறுதி வகுப்பு இயற்பியலை மறக்காதவர் என்றால், இன்று அதை ஒரு மாலையில் எழுதி ஓட்டிவிடலாம். அதைப் படிப்படியாகச் செய்வதற்கான வழிதான் கீழே இருப்பது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பெரிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முதல் நாளே இறக்கி ஓட்ட ஆசை வரும். அழகான படம் வரும், ஆனால் வால் ஏன் வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. நீங்களே எழுதிய சின்னப் புரோகிராமில் ஒவ்வொரு எண்ணையும் மாற்றிப் பார்க்கலாம், காரணம் கண்ணெதிரே தெரியும். அதனால் இந்த வரிசையையே நான் வலியுறுத்துவேன்: முதலில் சிறியது, அதைச் சோதித்த பிறகே பெரியது.

ஓத விசை என்றால்

நிலா பூமியின் கடலை இழுக்கும்போது, நிலாவைப் பார்த்த பக்கம், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் என்று இரண்டு இடங்களில் நீர் உயர்கிறது. அருகில் இருக்கும் பக்கத்தின் மேல் இழுப்பு அதிகம், நடுவில் கொஞ்சம் குறைவு, தூரத்தில் இன்னும் குறைவு. இந்த வேறுபாடுதான் ஓத விசை. கேலக்ஸிகளுக்கும் அதே கதைதான். பக்கத்துக் கேலக்ஸி உங்கள் கேலக்ஸியின் அருகு விளிம்பை வலுவாகவும், மையத்தை நடுத்தரமாகவும், மறு விளிம்பை மெதுவாகவும் இழுக்கிறது. அருகு விளிம்பு பாலமாக நீள்கிறது. மறு விளிம்பு பின்தங்கி வாலாகிறது.

தோராயமாக, ஓத விசை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூரம் இரட்டித்தால் விசை எட்டில் ஒரு பங்கு. ஆகவே பல கோடி ஆண்டுகள் நீளும் சந்திப்பில், மிக அருகில் வரும் அந்தச் சிறிய காலப்பகுதியே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம்

கேலக்ஸிகள் மோதினாலும் அவற்றின் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. இடைவெளிகள் அவ்வளவு பெரியவை. எனவே விண்மீன்களுக்கு ஈர்ப்பை மட்டும் கணக்கிட்டால் போதும்.

டூம்ரே சகோதரர்களின் சுருக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு கேலக்ஸியின் முழு நிறையும் அதன் மையத்தில் இருக்கும் ஒற்றைப் புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அந்த இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று இழுக்கும். மையத்தைச் சுற்றும் விண்மீன்களை நிறையற்ற சோதனைத் துகள்களாகக் கொள்கிறோம். இரண்டு மையங்களும் அவற்றை இழுக்கும். அவை யாரையும் இழுக்காது. இதற்குக் கட்டுப்படுத்தப்பட்ட மூவுடல் முறை என்று பெயர். 2,100 துகள்கள் இருந்தால், ஒரு காலப்படிக்கு (கணினி காலத்தை நகர்த்தும் ஒரு சிறு அடிக்கு) 4,200 விசைக் கணக்குகள் போதும். ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாத் துகளையும் இழுக்க விட்டிருந்தால் சுமார் 22 லட்சம் ஜோடிகளைக் கணக்கிட வேண்டியிருக்கும்.

கணினி கைக்கு வருவதற்கு முன்பே இந்தக் கேள்வியைத் தொட்டவர் ஒருவர் உண்டு. 1941-ல் சுவீடனைச் சேர்ந்த எரிக் ஹோம்பெர்க், ஒவ்வொரு கேலக்ஸிக்கும் 37 மின்விளக்குகள் வைத்து மேசை மேல் சிமுலேஷன் செய்தார். ஒளியும் ஈர்ப்பைப் போலவே தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒளியளவை ஒளிமின்கலத்தால் அளந்து, அதையே ஈர்ப்பாகக் கொண்டு, விளக்குகளை ஒவ்வொரு படியாக நகர்த்தினார். இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அலகுகளை முதலில் முடிவு செய்யுங்கள்

மீட்டரும் கிலோகிராமும் இங்கே உதவாது. எண்கள் கட்டுக்கடங்காமல் போய்விடும். நீளத்துக்கு 1 கிலோபார்செக் (சுமார் 3,260 ஒளியாண்டு), நிறைக்கு 1,000 கோடி சூரிய நிறை, ஈர்ப்பு மாறிலி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வேகத்தின் அலகு நொடிக்கு ஏறத்தாழ 207 கிலோமீட்டராகவும், காலத்தின் அலகு ஏறத்தாழ 47 லட்சம் ஆண்டாகவும் தானே அமைந்துவிடும்.

இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். 10 அலகு நிறையுள்ள கேலக்ஸியில், மையத்திலிருந்து 10 கிலோபார்செக் தொலைவில் வட்டமாகச் சுற்றும் விண்மீனின் வேகம் சரியாக 1, அதாவது நொடிக்கு 207 கிலோமீட்டர். பல சுருள் கேலக்ஸிகளில் அளக்கப்படும் சுழற்சி வேகமும் இதே அளவில்தான் இருக்கிறது. அந்த விண்மீன் ஒருமுறை சுற்றிவர சுமார் 63 கால அலகு, அதாவது 30 கோடி ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்களைப் புரோகிராமின் தலைப்பில் கமென்ட்டாக எழுதி வையுங்கள். பின்னால் விடை விபரீதமாக வரும்போது முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

முடுக்கத்துக்கு ஒரு ஃபங்ஷன்

புரோகிராமின் இதயம் ஒரே ஒரு ஃபங்ஷன். ஒரு புள்ளியின் இடத்தைக் கொடுத்தால், இரண்டு மையங்களாலும் அதற்கு ஏற்படும் மொத்த முடுக்கத்தை அது திருப்பித் தரவேண்டும்.

நியூட்டனின் சூத்திரத்தை அப்படியே போட்டால் ஒரு சிக்கல் வரும். ஒரு துகள் மையத்துக்கு மிக அருகில் போய்விட்டால் தூரம் பூஜ்யத்தை நெருங்கும், முடுக்கம் எல்லையின்றி ஏறும், துகள் திரையை விட்டே பறந்துவிடும். இதைத் தவிர்க்க ஒரு மென்மை நீளத்தைச் சேர்க்கிறார்கள். தூரத்தின் வர்க்கம் வரும் இடத்தில் எல்லாம், தூரத்தின் வர்க்கத்தோடு மென்மை நீளத்தின் வர்க்கத்தைக் கூட்டிப் போடவேண்டும். முழுச் சூத்திரம் இப்படி வரும்:

முடுக்கம் = நிறை × மையத்தை நோக்கிய இடவேறுபாட்டு வெக்டர் ÷ (தூரத்தின் வர்க்கம் + மென்மை நீளத்தின் வர்க்கம்)-இன் 1.5 அடுக்கு

மென்மை நீளம் 1 கிலோபார்செக் என்று தொடங்கலாம். துகள் ஒவ்வொன்றுக்கும் தனி லூப் எழுதாமல், நம்பை (NumPy) அரேயில் எல்லாத் துகள்களையும் ஒரே வரியில் கணக்கிடுங்கள். புரோகிராம் ஓடும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

காலத்தை நகர்த்துவது

புத்தகங்களில் முதலில் வரும் ஆய்லர் முறையை இங்கே தொடவே வேண்டாம். அதில் வட்டமாகச் சுற்றவேண்டிய துகள் மெல்ல மெல்ல வெளியே சுருண்டு போகும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பொய்யான ஆற்றல் சேர்வதே காரணம். ஓத விசையால் விளிம்பு விரிகிறதா, முறையின் பிழையால் விரிகிறதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

லீப்ஃப்ராக் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலப்படியில் நான்கு செயல்கள்: இப்போதைய முடுக்கத்தால் வேகத்தை அரைப்படி மாற்று, அந்த வேகத்தால் இடத்தை முழுப்படி நகர்த்து, புதிய இடத்தில் முடுக்கத்தைக் கணக்கிடு, அதனால் வேகத்தை மீதி அரைப்படி மாற்று. அவ்வளவுதான். இதில் ஆற்றல் பிழை ஏறி இறங்கும், ஆனால் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகாது. காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் வந்த வழியே திரும்பும். இந்தப் பின்னோக்கும் குணத்தை இன்னும் சற்று நேரத்தில் நாம் பயன்படுத்தப் போகிறோம்.

காலப்படி 0.1 அலகு. 5 கிலோபார்செக்கில் சுற்றும் துகளுக்கு ஒரு சுற்றுக்கு 22 அலகுக்கு மேல் ஆகும் என்பதால், ஒரு சுற்றுக்கு 200-க்கும் அதிகமான படிகள் கிடைக்கின்றன. தாராளம்.

தட்டை அடுக்குவது

முதல் கேலக்ஸிக்கு மட்டும் தட்டு, அதாவது மையத்தைச் சுற்றும் விண்மீன்களின் தட்டையான அடுக்கு, போதும். இரண்டாவது வெறும் மையமாக இருக்கட்டும். 5 முதல் 15 கிலோபார்செக் வரை, 0.5 இடைவெளியில் 21 வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஆரத்தைப்போல் 10 மடங்கு துகள்கள்: உள் வளையத்தில் 50, வெளி வளையத்தில் 150, மொத்தம் 2,100. துகள்களின் எண்ணிக்கை ஆரத்துக்கேற்ப உயர்வதால் தட்டு முழுக்க ஒரே அடர்த்தியாகத் தெரியும்.

ஒவ்வொரு துகளுக்கும் வட்டப்பாதை வேகம் கொடுக்கவேண்டும், பக்கத்துக் கேலக்ஸி கடந்து போகும் திசையிலேயே சுழலுமாறு. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். நிறையை ஆரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பது பழக்கமான சூத்திரம். ஆனால் நீங்கள் மென்மை நீளம் சேர்த்திருக்கிறீர்களே, ஈர்ப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. சரியான சூத்திரம் இது:

வேகத்தின் வர்க்கம் = நிறை × ஆரத்தின் வர்க்கம் ÷ (ஆரத்தின் வர்க்கம் + மென்மை நீளத்தின் வர்க்கம்)-இன் 1.5 அடுக்கு

5 கிலோபார்செக்கில் பழைய சூத்திரம் 1.414 தரும், சரியானது 1.373 தரும். 3 சதவீத வேறுபாடுதான். ஆனாலும் பக்கத்தில் எந்தக் கேலக்ஸியும் இல்லாமலேயே வளையங்கள் விரிந்து சுருங்குவதைத் திரையில் காண்பீர்கள்.

இன்னொன்று: துகளின் வேகம் என்பது மையத்தைச் சுற்றும் வேகம் மட்டுமல்ல. மையமே நகர்கிறது. அதன் வேகத்தையும் ஒவ்வொரு துகளுக்கும் கூட்டவேண்டும். கூட்ட மறந்தால் மையம் தன் தட்டை விட்டுவிட்டுப் போய்விடும்.

கடக்கும் பாதை

இரண்டு கேலக்ஸிகளும் வெகுதூரத்திலிருந்து வந்து, ஒருமுறை நெருங்கி, விலகிப் போவதாக எடுத்துக்கொள்வோம். அதற்குப் பரவளையப் பாதை பொருந்தும். மிக அருகில் வரும் தூரம் 25 கிலோபார்செக், இரண்டின் நிறையும் 10.

தொலைவில் எந்த இடத்தில், எந்த வேகத்தில் தொடங்கினால் சரியாக 25-ல் வந்து கடக்கும் என்று முன்னோக்கிக் கணக்கிட்டுத் திண்டாட வேண்டாம். மிக அருகில் இருக்கும் கணத்தை முதலில் அமையுங்கள். மையங்களை எக்ஸ் அச்சில் +12.5, −12.5 இடங்களில் வையுங்கள். அந்தக் கணத்தில் ஒன்றையொன்று கடக்கும் வேகம், விடுபடு வேகத்துக்குச் சமம்: மொத்த நிறையின் இரு மடங்கைத் தூரத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலம். 40-ஐ 25-ஆல் வகுத்தால் 1.6, வர்க்கமூலம் 1.265, அதாவது நொடிக்கு சுமார் 262 கிலோமீட்டர். (மென்மை நீளத்துக்கான திருத்தத்தை இங்கேயும் செய்யவேண்டும், வித்தியாசம் மிகச் சிறியது.) நிறைகள் சமம் என்பதால் ஒவ்வொரு மையத்துக்கும் இதில் பாதி, ஒய் அச்சில் எதிரெதிர்த் திசையில்.

இப்போது வேகங்களின் குறியைத் திருப்பி, மையங்களை மட்டும் 140 கால அலகு ஓட்டுங்கள். லீப்ஃப்ராக் பின்னோக்கும் என்பதால் இது கடந்தகாலத்துக்குப் போவதற்குச் சமம். இடைவெளி 100 கிலோபார்செக்கைச் சற்றுத் தாண்டியிருக்கும். வேகங்களை மறுபடி திருப்புங்கள். தொடக்கநிலை தயார். இந்த இடத்தில் முதல் மையத்தைச் சுற்றித் தட்டை அடுக்குங்கள்.

100 கிலோபார்செக் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 கிலோபார்செக்கில் இருக்கும் வெளி வளையத் துகளைத் தன் சொந்த மையம் 0.044 அளவுக்கு இழுக்கிறது. இந்தத் தூரத்தில் ஓத விசை 0.0003. நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அமைதியான தொடக்கம்தான்.

அதே துகளை மிக அருகில் கடக்கும் கணத்தில் பாருங்கள். அருகு விளிம்பில் இருந்தால் பக்கத்து மையம் 10 கிலோபார்செக் தூரத்தில், அதன் இழுப்பு 0.1. சொந்த மையமே 0.016 அளவில் முடுக்கப்படுவதால், மிஞ்சும் ஓத விசை 0.084. சொந்த ஈர்ப்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! மறு விளிம்பில் இருந்தால் சுமார் 0.01 மட்டுமே. பாலம் பிடுங்கப்படுவது போலக் கிளம்புவதற்கும், வால் நிதானமாக விரிவதற்கும் இந்த வேறுபாடு ஒரு காரணம். மும்மடித் தோராயச் சூத்திரத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் 0.019 என்றே வரும். இவ்வளவு நெருக்கத்தில் அதை நம்பக்கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

ஓட்டுவதற்கு முன்

படம் பார்க்கக் கை பரபரக்கும். அதற்கு முன் சில சோதனைகளை முடித்துவிடுங்கள். இவற்றைத் தாண்டாத புரோகிராம் காட்டும் எந்த வாலையும் நான் நம்பமாட்டேன்.

தட்டை மட்டும், பக்கத்துக் கேலக்ஸியின் நிறையைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். ஐந்து சுற்று ஆன பிறகும் வளையங்கள் வட்டமாகவே இருக்கவேண்டும். வரைபடத்தில் இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பைத்தானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் தானாக அப்படி வைக்காது, வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்து வீண் பயம் வரும்.

அப்புறம் மையங்களை மட்டும் ஓட்டி, மிகக் குறைந்த தூரம் 25-ஆக வருகிறதா என்று பாருங்கள். ஆற்றலையும் கண்காணியுங்கள். பரவளையப் பாதையின் மொத்த ஆற்றல் பூஜ்யம் என்பதால் அதைச் சதவீதமாக எடுத்தால் அர்த்தமில்லாத எண் வரும். நெருங்கும் கணத்தின் இயக்க ஆற்றலோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, முழு ஓட்டத்தையும் காலப்படி 0.05 வைத்து இன்னொருமுறை ஓட்டுங்கள். வால், பாலம் ஆகியவற்றின் வடிவம் மாறக்கூடாது. மாறினால் படி இன்னும் பெரிது என்று பொருள். மையத்துக்கு மிக அருகில் போய்வந்த ஒன்றிரண்டு துகள்கள் வேறு இடத்தில் இருப்பது பரவாயில்லை.

இப்போது ஓட்டுங்கள்

−140-லிருந்து +140 வரை 2,800 படிகள், ஏறத்தாழ 132 கோடி ஆண்டுகள். சாதாரண மடிக்கணினிக்கு இது பாரமே இல்லை. பத்துப் படிக்கு ஒருமுறை இடங்களைச் சேமித்து, அவற்றைக் கோத்து அசைபடமாக்குங்கள். முதல் மையம் எப்போதும் நடுவில் இருக்குமாறு வரைந்தால் தட்டுக்கு என்ன நேர்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

துகள்களுக்கு அவை தொடங்கிய வளையத்தின்படி நிறம் கொடுங்கள். இந்தச் சின்ன வேலையைத் தவிர்க்காதீர்கள். உள் வளையங்கள் அசையாமல் இருப்பதும், வாலும் பாலமும் வெளி வளையங்களின் நிறத்திலேயே இருப்பதும் ஒரே பார்வையில் புரியும்.

பலருக்கு வியப்பாக இருப்பது நேரம். மிக அருகில் கடக்கும் கணத்தில் தட்டு கொஞ்சம் கோணலாகத் தெரியுமே தவிர வால் இருக்காது. உதை அப்போது கிடைக்கிறது. வடிவம் அதற்குப் பிறகு பல கோடி ஆண்டுகளில் விரிகிறது. வானத்தில் நீளமான வாலோடு ஒரு ஜோடியைப் பார்த்தால், நெருக்கம் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று ஊகிக்கலாம்.

சுழலும் திசையை மாற்றிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். தட்டுத் துகள்களின் சுழற்சி வேகத்தின் குறியை மட்டும் திருப்பிவிட்டு, மற்ற எதையும் தொடாமல் மறுபடி ஓட்டுங்கள்.

பக்கத்துக் கேலக்ஸி போகும் திசையிலேயே தட்டு சுழன்றபோது நீண்ட வாலும் பாலமும் வந்தன. எதிர்த்திசையில் சுழலும்போது தட்டு கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். நிறை அதே, தூரம் அதே, வேகம் அதே. பின் என்ன?

கோண வேகத்தைப் பாருங்கள். மிக அருகில் கடக்கும்போது பக்கத்து மையத்தின் கோண வேகம் 1.265 ÷ 25 = 0.051. வெளி வளையத்தின் கோண வேகம் 0.054. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே அருகு விளிம்பில் இருக்கும் விண்மீன், பக்கத்துக் கேலக்ஸியோடு சேர்ந்தே நகர்கிறது. இழுப்பு நீண்ட நேரம் ஒரே திசையில் விழுந்து சேர்ந்துகொண்டே போகிறது. எதிர்த்திசையில் சுழன்றால் இரண்டுக்கும் இடையிலான கோண வேகம் 0.105. விண்மீன் சட்டென்று கடந்துபோய்விடும், கிடைத்த இழுப்புகள் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சம நிறை கொண்ட ஜோடியில் இந்த ஒத்திசைவு, நெருங்கும் தூரத்தின் 0.63 மடங்கு ஆரத்தில் சரியாகப் பொருந்தும். நம் எண்களில் அது 15.75 கிலோபார்செக், தட்டின் விளிம்புக்குச் சற்று வெளியே.

இதற்குப் பிறகு பக்கத்துக் கேலக்ஸியின் நிறையைக் கால் பங்காக்கிப் பாருங்கள். பாதையை மறுபடி கணக்கிட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். மையங்களின் இடமும் வேகமும் இனி சமபாதி அல்ல. சிறிய துணை அழகான பாலம் கட்டும், பெரிய வாலை எழுப்பச் சமமான நிறை வேண்டும். டூம்ரே சகோதரர்கள் கண்டதும் இதையேதான்.

தட்டைச் சாய்ப்பது

இதுவரை எல்லாம் ஒரே தளத்தில் இருந்தது. உண்மையில் தட்டுகள் எந்தக் கோணத்திலும் சாய்ந்திருக்கலாம். துகள்களை எக்ஸ் அச்சைச் சுற்றி ஒரு கோணமும், பிறகு பாதைத் தளத்துக்குச் செங்குத்தான அச்சைச் சுற்றி இன்னொரு கோணமும் திருப்பினால் போதும். இடத்தைத் திருப்பும் அதே அணியால் வேகத்தையும் திருப்பவேண்டும். இதை மையத்தின் இடத்தையும் வேகத்தையும் கூட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

உண்மையான ஜோடிகளோடு ஒப்பிடுவது

டூம்ரே சகோதரர்கள் தங்கள் கட்டுரையில் நான்கு ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள்: ஆர்ப் 295, எம்51 என்ற சுருள் கேலக்ஸியும் அதன் துணை என்ஜிசி 5195-உம் (என்ஜிசி என்பது விண்பொருள் பட்டியல் ஒன்றின் சுருக்கப்பெயர்), எலிகள் என்று அழைக்கப்படும் என்ஜிசி 4676, ஆன்டெனா கேலக்ஸிகளான என்ஜிசி 4038, 4039. புதியவர்கள் எம்51-லிருந்து தொடங்கலாம். படங்கள் நிறையக் கிடைக்கும், தட்டு நம்மைப் பார்த்தபடி இருப்பதால் வடிவம் தெளிவாகத் தெரியும். எலிகளில் ஒரு வால் ஏறத்தாழ நேர்கோடாகத் தெரிகிறது. அது வளைந்த வால்தான், நாம் அதன் விளிம்புப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். உங்கள் வளைந்த வாலையும் பார்வைக் கோணத்தைத் திருப்பி நேர்கோடாக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வடிவம் பொருந்திவிட்டது என்றவுடன் விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நிறை விகிதம், தூரம், இரண்டு சாய்வுக் கோணங்கள், பார்வைக் கோணம், காலம் என்று மாற்றக்கூடியவை பல. வேறுவேறு சேர்க்கைகள் ஒரே மாதிரி படத்தைத் தரலாம். எம்51-க்கே துணைக் கேலக்ஸி ஒருமுறை கடந்ததா, பலமுறை கடந்ததா என்ற கேள்வியை 2000-ல் சாலோவும் லௌரிகைனனும் விரிவாக ஆராய்ந்தார்கள். தெளிவு வேண்டுமென்றால் நம் பார்வைத் திசையில் அளந்த வேகங்களும் பொருந்தவேண்டும். உங்கள் துகள்களின் அந்தத் திசை வேகத்தை நிறமாகக் காட்டி, வானில் அளந்த வேக வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

கேலக்ஸி ஸூ: மெர்ஜர்ஸ் என்ற திட்டத்தில் இந்தப் பொருத்தும் வேலையைப் பொதுமக்களே செய்தார்கள். ஓட்டிய சிமுலேஷன்களில் எது நிஜப் படத்தை ஒத்திருக்கிறது என்று தன்னார்வலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 62 ஜோடிகளுக்கான முடிவுகள் 2016-ல் வெளியாயின. அடியில் ஓடியது நீங்கள் இப்போது எழுதிய இதே வகை முறை.

எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்ல முயன்றாலும் இதே எச்சரிக்கைதான். ஆண்ட்ரோமீடா நம்மிடமிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி வருகிறது. பால்வீதியோடு மோதுவது நிச்சயம் என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அளவீடுகளின் நிச்சயமின்மையையும் சுற்றியுள்ள கேலக்ஸிகளின் இழுப்பையும் சேர்த்துப் பலமுறை ஓட்டிய 2025 ஆய்வு ஒன்று, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இரண்டும் இணைய வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்கிறது. ஒருமுறை ஓட்டிய சிமுலேஷனை முடிவாகச் சொல்லாமல், தொடக்க எண்களைச் சற்றுச் சற்று மாற்றிப் பலமுறை ஓட்டும் பழக்கத்தை இப்போதே கைக்கொள்ளுங்கள்.

புள்ளி நிறையைத் தாண்டி

அடுத்த மேம்பாடு எளிது. கேலக்ஸியின் நிறையில் பெரும்பகுதி கரும்பொருள், அதாவது ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கண்ணுக்குப் புலப்படாத பொருள், அது மையத்தில் குவியாமல் பரந்து கிடக்கிறது. முடுக்க ஃபங்ஷனில் மட்டும் மாற்றம் செய்து இதைக் கொண்டுவரலாம். ஹெர்ன்குவிஸ்ட் 1990-ல் தந்த அமைப்பு புதியவர்களுக்கு வசதியானது: மையத்தை நோக்கிய முடுக்கம், நிறையை (ஆரம் + அளவு நீளம்)-இன் வர்க்கத்தால் வகுத்தது. அளவு நீளம் என்பது நிறை எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று சொல்லும் எண். மொத்த நிறைக்கு எல்லை உண்டு என்பதால் பரவளையப் பாதையின் யோசனையும் கெடாது. வட்டப்பாதை வேகத்தையும் விடுபடு வேகத்தையும் புதிய சூத்திரத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டு, சோதனைகளை முதலிலிருந்து செய்யுங்கள்.

இந்த மாற்றம் வாலின் நீளத்தையே பாதிக்கும். விண்மீன் தப்பிப்போக ஏறவேண்டிய ஈர்ப்புக் குழி ஆழமாக இருந்தால் வால் குட்டையாகிவிடும். 1990-களில் டுபின்ஸ்கி, மீஹோஸ், ஹெர்ன்குவிஸ்ட் மூவரும் இதைப் பின்பற்றி, வாலின் நீளத்திலிருந்து கரும்பொருளின் பரவலைப் பற்றி என்ன சொல்லமுடியும் என்று ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றி வால் சாட்சி சொல்கிறது என்பது இந்தத் துறையில் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கும் விஷயம்.

இந்த முறையால் முடியாதது

நீங்கள் எத்தனை முறை ஓட்டினாலும் இரண்டு கேலக்ஸிகளும் இணையாது. வந்த வேகத்திலேயே விலகிப் போகும். நிஜத்தில் ஒரு கேலக்ஸி மற்றதன் கரும்பொருளுக்குள் புகுந்து போகும்போது, பின்னால் குவியும் நிறை அதைப் பின்னிழுக்கிறது. இந்த இயக்க உராய்வைச் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-ல் கணக்கிட்டுக் கொடுத்தார். பாதையின் ஆற்றல் இப்படித் தட்டுக்கும் கரும்பொருளுக்கும் போய்ச் சேர்வதால்தான் ஜோடிகள் கடைசியில் ஒன்றாகின்றன. துகள்களுக்கு நிறையே இல்லாத நம் முறையில் அதற்கு இடமில்லை. சந்திரசேகரின் சூத்திரத்தை மையங்களின் இயக்கத்தில் ஒட்டுப்போடலாம், ஆனால் முழுமையாகப் பார்க்க எல்லாத் துகள்களும் ஒன்றையொன்று இழுக்கும் சிமுலேஷன் வேண்டும்.

அங்கே செலவுதான் பிரச்சினை. 10 லட்சம் துகள்களுக்கு ஒரு படிக்கு ஏறத்தாழ 50,000 கோடி ஜோடிகள். 1986-ல் ஜோஷுவா பார்ன்ஸும் பீட் ஹட்டும் இதற்கு மர முறையைக் கொண்டுவந்தார்கள்: தூரத்தில் இருக்கும் துகள் கூட்டத்தை ஒரே நிறையாக எடுத்துக்கொள்வது. வோல்கர் ஸ்ப்ரிங்கெல் எழுதிய கேட்ஜெட் மென்பொருள் இந்த வழியில் வந்தது, பொதுவெளியில் கிடைக்கிறது. கேட்ஜெட்-2 உடன் வரும் எடுத்துக்காட்டுகளில் இரண்டு தட்டுக் கேலக்ஸிகள் மோதும் ஓட்டமும் ஒன்று. அதிலிருந்து தொடங்குங்கள்.

அப்போது முதலில் தலைவலி தரப்போவது தட்டுதான். துகள்களுக்கு நிறை வந்தவுடன், நாம் அடுக்கிய துல்லியமான வட்டப்பாதைத் தட்டு தன் சொந்த ஈர்ப்பாலேயே கட்டி கட்டியாக உடைந்துவிடும். விண்மீன்களின் வேகங்களில் கொஞ்சம் சிதறல் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதற்கான அளவுகோலை 1964-ல் தந்தவரும் ஆலர் டூம்ரேதான். அந்த எண் 1-க்குக் கீழே போனால் தட்டு நிலைக்காது. அதனால் கேட்ஜெட்டிலும் முதல் ஓட்டம் மோதலாக இருக்கவேண்டாம். ஒற்றைக் கேலக்ஸியைத் தனியாக வைத்து, 10 கிலோபார்செக் துகள் நான்கைந்து முறை சுற்றிவரும் காலம் வரை ஓட்டுங்கள். தட்டு தடிக்காமலும் கட்டிகளாக உடையாமலும் இருந்தால் பக்கத்துக் கேலக்ஸியை உள்ளே விடலாம். வாயுவையும் விண்மீன் பிறப்பையும் அதற்குப் பிறகு சேருங்கள்.